நண்டைத் தேடி வந்த மலை

ஒரு தை மாதத்து அறுவடைக் காலையில் மேற்கே தனியாக நின்ற ஒத்தமலை, திருப்பாலைவனம் ஊரின் நெல்வயல்களுக்குள் வந்து நின்றது. நேராக வரவில்லை, பக்கவாட்டில் வந்திருந்தது. வரப்பை உடைக்காமல், வாய்க்காலை அடைக்காமல், பந்திக்குத் தாமதமாக வந்த கனத்த மனிதர் இடம் பார்த்து ஒடுங்கி உட்காருவது போல உட்கார்ந்திருந்தது. குடியானவர்களுக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. நிழல் விழுந்து நெல் காயவில்லை என்பது மட்டுமே அவர்கள் புகார். வரி வாங்குகிறவர்கள் வந்து பார்த்து, மலை நின்ற நிலத்தைப் புன்செய் என்று கொள்வதா, மலையையே விளைச்சலில் சேர்ப்பதா என்று தங்களுக்குள் வாதாடிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்துகொண்டிருந்தது. மலை எதற்காகக் கிளம்பியது என்று கோட்டையில் பலருக்குத் தெரியும். பசியாவரத்து இருசம்மாளுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். மலையின் நண்டுகளைக் கையால் பிடித்துக் கீழே கொண்டுவந்தவள் அவள்தான்.

இருசம்மாள் பழவேற்காட்டு உப்பேரியில் நண்டும் இறாலும் தடவிப் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்து, சேற்றைத் துழாவி, கையில் அகப்பட்டதைப் பல்லில் கவ்வியிருக்கும் பறி என்ற ஓலைக்கூடைக்குள் போடுவாள். பறி வாயில் இருக்கும்வரை பேச வழியில்லை. அதனால் கரையேறியதும் அன்றைக்குப் பேசவேண்டியதை எல்லாம் மொத்தமாகப் பேசித் தீர்ப்பாள். அவள் கரையேறும் நேரம் தெரிந்து விலகிப் போகிறவர்கள் ஊரில் உண்டு. அவள் புருஷன் எல்லப்பனும் அதே தொழில்தான், ஆனால் பறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசமாட்டான். மழை பொய்த்து ஏரி சுருங்கிய ஒரு கோடையில் அவன் கோட்டை அகழியில் கையை விட்டான். அகழிக்குள் நுழைந்த இறால் கோட்டைக்குச் சொந்தம் என்பது சட்டம். அது இறாலுக்குத் தெரியாது. தனக்கும் தெரியாது என்று எல்லப்பன் சொன்னான். இறாலை மட்டும் நம்பினார்கள். கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பலுக்காகக் காத்திருந்தவர்களோடு அவனையும் உப்புக் கிடங்கில் அடைத்தார்கள். அந்தக் கப்பலில் ஏறியவர் எவரும் திரும்பியதில்லை. கப்பல் கிளம்பும் அன்றே வீட்டில் காரியம் செய்து முடித்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கமாகியிருந்தது.

கோட்டையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் கொர்நேலி துரை. உயிர்கள் மீது அவருக்கு இருந்த பிரியத்துக்கு அளவே கிடையாது. எதையும் உயிரோடு விட அவருக்கு மனம் வராது. அவருடைய அறையில் வண்ணத்துப்பூச்சிகள் ஊசியில் நின்றன, பூரான்கள் சாராயத்தில் மிதந்தன, சங்குகள் தங்கள் சொந்தக்காரர்களை இழந்து வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒத்தமலையின் சுனையில் ஊதா நிறத்தில் ஒரு நண்டு உண்டு, அந்தச் சுனையைத் தவிர வேறெந்த மலையிலும் எந்தத் தண்ணீரிலும் அது கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று தன் அறையிலும் இல்லாமல் இருப்பது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. சிப்பாய்களை வலையோடு அனுப்பினார். அவர்கள் நண்டுக்கால்களாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்போதுதான் கையால் பிடிக்கிறவளைக் கூப்பிடலாம் என்று துபாசி தெய்வசிகாமணி யோசனை சொன்னார். துரையின் பேச்சைத் தமிழாக்குவது அவருடைய வேலை. துரை சொன்னதில் பாதியும் தனக்குத் தோன்றியதில் பாதியுமாகக் கலந்து கொடுப்பார். இரு தரப்பிலும் அவருக்கு நல்ல பெயர்.

துபாசி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைச் சேற்றில் வந்து நின்றார். "இருசம்மா, கோட்டையில உன்னக் கூப்பிட்றாங்க" என்றார்.

இருசம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னாத்துக்கு? எங்க ஊட்டு ஆளத்தான் புடிச்சி வச்சினுகீறீங்களே. நானும் வோணுமா?"

"நண்டு புடிக்கணுமாம்."

"அதுக்கு எதுக்குக் கோட்ட வரைக்கும்? பறியில கெடக்குது, எடுத்துனு போ."

"ஏரி நண்டு இல்லம்மா. ஒத்தமலைச் சுனையில இருக்குது, ஊதா நெறம்."

"எங்க நைனா காலத்துலேர்ந்து நண்டு ஏரியிலதான் கீது. அது இன்னாத்துக்கு மலை மேல ஏறுச்சி?"

"அத நண்டுகிட்ட கேளு. கால் ஒடையாம புடிச்சாந்தா எல்லப்பன வெளிய வுட்றேன்னு தொர சொல்றாரு."

பறி வாயில் இல்லாமலே இருசம்மாள் பேசாமல் நின்றதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

மலைக்குத் துபாசியும் கூடவே போனார். சுனை பாதி உயரத்தில், பாறைப் பிளவுக்கு அடியில் இருந்தது. நண்டுகள் கத்திரிப்பூ நிறத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தன. ஏரி நண்டு கையைக் கண்டால் கொடுக்கைத் தூக்கும். இவை அப்படிச் செய்யவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கையில் ஏறிக்கொண்டன. அதுவரை யாரும் அவற்றுக்குக் கெடுதல் செய்ததில்லை என்பது இருசம்மாளுக்குப் புரிந்தது, அவள் அதை விரும்பவில்லை. ஒரு தாய் நண்டைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்று மடலுக்குள் முட்டைக்குப் பதில் குஞ்சுகளே இருந்தன, கடுகு கடுகாக, எல்லாவற்றுக்கும் கால் முளைத்திருந்தது. அதைத் திரும்பச் சுனையில் விட்டாள். பிறகு உப்புக் கிடங்கை நினைத்தாள். மறுபடி எடுத்து, ஈரப்பாசி போட்ட பானைக்குள் வைத்தாள். இறங்கி வரும்போது யாரோ பின்னால் வருவது போல இருக்கிறது என்று துபாசி சொன்னார். "திரும்பாத, நட" என்றாள். இருவருமே திரும்பினார்கள். மலை மலையாகத்தான் நின்றது. ஆனால் நெடுநேரம் நடந்த பிறகும் அடிவாரத்துப் பாறை அவர்களுக்குப் பின்னால் அதே தூரத்திலேயே இருந்தது.

துரை நண்டுகளைக் கண்டதும் கண்ணீர் விட்டார். உடனே சாடிகளைக் கொண்டுவரச் சொல்லி, தாய் நண்டை மட்டும் கடைசிக்கென்று எடுத்துவைத்துவிட்டு, மற்றவற்றைச் சாராயத்தில் போட்டார். பொழுது சாய்வதற்குள் ஊதா நிறம் முழுவதும் கரைந்து, நண்டுகள் வடித்த சோறு போல வெளுத்துப் போயின. சாராயம்தான் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் காவலர்கள் குடித்துவிட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நிறம் போனது பிடித்தவளின் கைக்கோளாறு என்று துரை முடிவு செய்தார். எல்லப்பனை விடுவதைப் பிறகு பார்க்கலாம் என்று துபாசி மொழிபெயர்த்தார். மீண்டும் ஆட்கள் போனார்கள், மீண்டும் சாடிகள் நிறைந்தன, மீண்டும் வெளுத்தன. கடைசியாகப் போனவர்கள் சுனையில் ஏதோ ஒன்றிரண்டுதான் மிச்சம் என்று வந்து சொன்னபோது துரை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பேராசையும் அறியாமையும் கொண்ட இந்த நாட்டு மக்கள் ஓர் அரிய உயிரை அழித்துவிட்டார்களே என்று புலம்பினார். அன்றிலிருந்து அவர் ஒத்தமலை நண்டின் காவலரானார்.

சட்டம் எழுதப்பட்டது. ஒத்தமலையில் மட்டும் வாழ்வதும் பூமியில் வேறெங்கும் இல்லாததுமான எந்த உயிரையும் எவரும் பிடிக்கக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது, தீனி போடக்கூடாது, மலையை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. முன்பே பிடித்தவர்களும் குற்றவாளிகளே, பிடிக்கச் சொன்னவர் நீங்கலாக. எளாவூர் வரைக்கும் தண்டோரா போட்டார்கள். அப்படியொரு நண்டு இருப்பதையே அதுவரை அறியாத மக்கள் அன்றைக்கு அறிந்துகொண்டு, அதன் ருசி எப்படி என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். சுனைக்குக் காவல் போட்டார்கள். காவலர்களுக்கு மலைமேல் வேறு வேலையில்லை, கோட்டையிலிருந்து சாப்பாடும் ஒழுங்காக வரவில்லை. மிச்சமிருந்த ஒன்றிரண்டையும் அவர்கள் சுட்டுத் தின்றார்கள். தின்ற பிறகும் காவலை விடவில்லை. அந்த விசுவாசத்துக்காக அவர்களுக்குப் புதிய தொப்பி வழங்கப்பட்டது. உயிரோடு எஞ்சியது ஒரே ஒரு நண்டு, குஞ்சு சுமந்த அந்தத் தாய். அதன் நிறம் வெளுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் துரை அதை மட்டும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் உயிரோடு வைத்திருந்தார்.

இருசம்மாள் புருஷனைக் கேட்டுக் கோட்டைக்குப் போனபோது, சட்டப்படி அவளையும் கிடங்கில் போடவேண்டும் என்றும், துரை இரக்கப்பட்டு அவளைக் கிண்ணத்து நண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வைத்திருக்கிறார் என்றும் துபாசி சொன்னார்.

"கூலி?" என்று கேட்டாள்.

"அதான் உள்ள போடலியே."

அவள் தினமும் காலையில் வந்து கிண்ணத்துத் தண்ணீரை மாற்றினாள். நண்டு எதையும் தின்னவில்லை. குஞ்சுகள் மடலை விட்டு இறங்கவில்லை. நண்டிடம் அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், பெரும்பாலும் திட்டுவாள். "நீயும் தின்னமாட்ட, அந்தாளும் உள்ள தின்னமாட்டான். யார்னா ஒருத்தராவது தின்னுங்க" என்பாள்.

மலை கிளம்பியதை முதலில் கண்டுகொண்டவர்கள் கடலுக்குப் போகிற செம்படவர்கள். மலையின் முனையையும் கோட்டைக் கொடிமரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வலைபோடும் இடத்தைக் குறிப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பருவத்தில் வலைகள் வெறுமையாக வந்தன. கொடிமரம் சாய்ந்துவிட்டதென்று கோட்டையில் போய்ச் சண்டை போட்டார்கள். அதற்குள் மலை வயலுக்கு வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது நகரும், பார்த்தால் நிற்கும். நண்டின் மலை ஆதலால் நண்டைப் போலவே நடந்தது. சுனைக் காவலர்கள் மலையோடு சேர்ந்தே வந்தார்கள், கோட்டைக்கு நடக்கும் தூரம் மிச்சமாயிற்று என்று. துரை பீரங்கிகளை மேற்கே திருப்பிச் சுடச் சொன்னார். குண்டுகள் மலைக்குள் போயின. மலை அவற்றை வெற்றிலை போல மென்றுகொண்டு ஏரிக்கரைக்கு வந்தது. திருப்பாலைவனத்துக்காரர்கள் நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் கற்பூரம் காட்டினார்கள், வந்ததற்கா போனதற்கா என்று சொல்லவில்லை.

ஏரிக்கரையில் மலை நின்றதும் சுனைத் தண்ணீர் ஏரியில் விழத் தொடங்கியது. உப்பு குறைந்தது. இறால் முதலில் போயிற்று, பிறகு நண்டு. மாட்டுக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்ற அளவுக்குத் தண்ணீர் இனித்தபோது, பறிகள் காய்ந்து கூரையில் தொங்கின. ஊர் கூடி இருசம்மாள் வாசலில் நின்றது. "மலையக் கூட்டாந்தவ நீதான், நீயே கொண்டுபோய் வுடு" என்றார்கள். அவள் வழக்கம்போல ஒரு கூடை பதில் சொல்லவில்லை. "நானா கூட்டாந்தேன், அது தன் புள்ளையத் தேடிவருது. உன் புள்ளைய எவனாவது கிண்ணத்துல வச்சா நீ ஊட்ல குந்தினுருப்பியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் பயம்தான். ஏரி போனால் எல்லப்பன் திரும்பி வந்தும் எதைப் பிடிப்பான் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை அகழி வரை மலை வந்து சேர்ந்த பிறகு அவள் ஒன்றைக் கவனித்தாள். வெயில் படாதிருக்கக் கிண்ணத்தைக் கிழக்குச் சன்னலிலிருந்து வடக்குச் சன்னலுக்கு மாற்றியிருந்தாள். தண்ணீர் மொண்டு திரும்பியபோது மலையும் வடக்கே ஒதுங்கி நின்றது. மறுநாள் தெற்கே வைத்துப் பார்த்தாள். மலை தெற்கே வந்து, மதில்மேல் கழுத்தை நீட்டுவது போல ஒரு பாறையைச் சாய்த்து எட்டிப் பார்த்தது. இதை அவள் துபாசியிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் துரைக்குப் பாதியாவது போய்ச் சேரும்.

அதே வாரத்தில் கடலில் பத்தாவியா கப்பலின் பாய் தெரிந்தது. கிடங்கிலிருப்பவர்களை ஏற்றுவதற்கு ஏற்பாடுகள் நடந்தன. துரை இன்னொரு முடிவும் எடுத்திருந்தார். மலை இப்படிக் கண்ட இடத்துக்குப் போகிற நிலையில் அது நண்டுக்குத் தகுந்த இருப்பிடம் அல்ல. நண்டின் பாதுகாப்புக்காக அதைத் தானே கப்பலில் தன் தேசத்துக்குக் கொண்டுபோவார். அங்கே குளிர் அதிகம், சாராயமும் உயர்ந்த ரகம். இதைத் துபாசி சொல்லக் கேட்ட இருசம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நண்டு கப்பல்ல போனா மலை எங்க போவும்?"

துபாசி யோசித்தார். "பின்னாலயே போவும்."

"எந்த வழியா?"

கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில் ஏரியும் பசியாவரமும் மற்ற குப்பங்களும்தான் இருந்தன. துபாசி துரையிடம் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "மலைக்குச் சட்டத்துல எடமில்லன்னு சொல்றாரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் எதுவும் கலக்காமல் மொழிபெயர்த்ததாகச் சொல்வார்கள்.

கிடங்கில் அடைபட்டவர்களைக் கப்பலேற்றக் கயிற்றில் கோக்கப் போகிற அன்று, பட்டப்பகலில், இருசம்மாள் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். எங்கே போகிறாய் என்று காவலன் கேட்டான். நண்டுக்குக் காற்று வேண்டும் என்றாள். நண்டின் நலத்துக்குத் தடையாக நிற்பது சட்டப்படி குற்றம், ஆகவே அவன் விலகிக்கொண்டான். அவள் உப்புக் கிடங்கின் மேற்குச் சுவரோரம் கிண்ணத்தை வைத்து, "நவுந்துக்கய்யா எல்லப்பா, செவுத்த வுட்டு நவுந்துக்க" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். முற்றத்திலிருந்தவர்களோ தூரத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்பதால் மலை வந்தது. மதில் வெல்லக்கட்டி போல உதிர்ந்தது. சுனைத் தண்ணீர் கிடங்கில் புகுந்து உப்பு மூட்டைகளைக் கரைக்க, மூட்டைகள் முட்டுக் கொடுத்திருந்த சுவர் நிதானமாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் தலை முதல் கால் வரை உப்பு பூத்து, கருவாட்டுப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல வெளியே வந்தார்கள். எல்லப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான்.

"இன்னா இது?" என்றான். அவன் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பறம் சொல்றேன், நட" என்றாள்.

சத்தம் கேட்டுத் துரை ஓடி வந்தபோது தாய் நண்டு கிண்ணத்தின் விளிம்பில் ஏறியிருந்தது. அது பக்கவாட்டில் நடந்து, விழுந்த சுவரைக் கடந்து, மலையின் பாசியில் காலை வைத்தது. வைத்த இடத்திலேயே குஞ்சுகள் மடலை விட்டு இறங்கி அதன் பின்னால் போயின. துரை அதைக் காப்பாற்றுவதற்காகப் பூட்ஸ் காலோடு மலையில் ஏறினார். நண்டு பிளவுக்குள் போயிற்று, அவர் தோள்வரை கையை விட்டார். மலையின் அடியில் கற்கள் முனகின. இருசம்மாளுக்கு அவர்மேல் கொஞ்சமும் பிரியம் இல்லை. ஆனாலும் நின்று கத்தினாள்.

"தொர, எறங்கிடு. மலை கெளம்புது."

அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "நண்டு என்னுது" என்றார்.

"சரி, இருந்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் எல்லப்பனை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கப்பல், மலையை அடையாளமாக வைத்துக் கரையைத் தேடி வந்ததால், மலை நகர நகரத் தடுமாறி, பழவேற்காட்டைத் தவறவிட்டு எங்கோ தெற்கே போய்விட்டது.

எல்லோரும் முதுகைக் காட்டி ஓடியதும் மலை பழைய திசைக்குத் திரும்பிப் போனது. போகிற அவசரத்தில் வரப்புகளை மிதித்தது. திருப்பாலைவனத்தார் அதற்கும் புகார் கொடுத்தார்கள். அடுத்த ஆடிக்குள் ஏரியில் உப்பு ஏறியது, இறால் வந்தது. இருசம்மாளை ஏசியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள், மன்னிப்பு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லப்பன் அகழிப் பக்கம் போவதில்லை. சுனையில் ஊதா நண்டுகள் மறுபடி பெருகின. அவற்றின் கொடுக்கு இப்போது கையைக் கண்டால் உயர்கிறது.

சில வருடங்கள் கழித்துக் கோட்டைக்குப் புதிதாக வந்த அதிகாரி கொர்நேலி துரையைத் தேடி ஆளனுப்பினார். சுனைப் பிளவில் அவர் நலமாகவே இருந்தார். தாடியில் பாசி பிடித்திருந்தது, உடம்பில் லேசாக ஊதா ஓடியிருந்தது, ஆட்களைக் கண்டதும் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார். அதிகாரி மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தார். அப்படியொரு உயிர் அந்த மலையில் மட்டும்தான் உண்டு, பூமியில் வேறெங்கும் கிடையாது என்பது உறுதியாயிற்று. ஆகவே அவரைப் பிடிக்கவோ, தீனி போடவோ, மலையை விட்டு வெளியே கொண்டுவரவோ சட்டத்தில் வழியில்லை. காவலை மட்டும் இரண்டு மடங்காக்கிவிட்டு அதிகாரி திரும்பினார். துபாசி வந்து இதைச் சொன்னபோது இருசம்மாள் ஏரியில் இருந்தாள். பறியை எடுத்துவிட்டு, "நண்டு கொழுத்தா வளையில நிக்காதும்பாங்க. இவரு நின்னுட்டாரே" என்றாள். பிறகு பறியைக் கவ்விக்கொண்டாள். விறகுக்குப் போகிறவர்கள் சுனையைத் தாண்டும்போது, "தொர, சவுக்கியமா?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பிளவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, கொஞ்சம் அசைந்துவிட்டு, உள்ளே போகும். பொழுது சாய்வதற்குள் சுமையோடு இறங்கவேண்டும் என்பதால் யாரும் அங்கே நிற்பதில்லை.